எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துடுச்சு. இதுல எது என் முதுகுவலி?

குடைக்கம்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வயசு 41. அஞ்சு வாரமா இடுப்புல வலி. குனிஞ்சு வாளியைத் தூக்கினப்ப 'சுருக்'னு பிடிச்சது, இன்னும் விடலை. மாத்திரை, ஒத்தடம், ஓய்வு எல்லாம் பார்த்தாச்சு. பொறுமை போய், டாக்டரைப் பார்க்காமலே ஒரு தெரிஞ்சவர் மூலமா எம்.ஆர்.ஐ. எடுத்துட்டேன். ரிப்போர்ட் கையில வந்த நாள்லேர்ந்து தூக்கம் போச்சு. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கு.

அதுல உள்ளது இது: "எல்3–எல்4, எல்4–எல்5 டிஸ்க் டெசிகேஷன். எல்4–எல்5ல் டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், தீக்கல் சாக் மீது லேசான அழுத்தம். ஃபேசட் ஆர்த்ரோபதி. எல்2ல் ஷ்மோர்ல் நோட். டீஜெனரேட்டிவ் மாற்றங்கள்." இன்னும் ரெண்டு வரி இருக்கு, அதுவும் இதே மாதிரிதான்.

டீஜெனரேட்டிவ்னா சிதைவுன்னு தேடிப் பார்த்தேன். 41 வயசுலயே முதுகெலும்பு சிதைய ஆரம்பிச்சிருச்சா? ஆபரேஷன்ல போய்தான் முடியுமா?

மழைக்குருவி (மட்டுறுத்துநர்)

முதலில் அந்தத் தாளை மடித்து வையுங்கள். ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில கேள்விகள். சிறுநீர் வழக்கம்போல் வருகிறதா, அடக்க முடிகிறதா? ஆசனவாய்ப் பக்கம், தொடை இடுக்கில் மரத்துப்போன உணர்வு உண்டா? காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல்? முன்பு எப்போதாவது புற்றுநோய்? நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை? வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா?

முதல் கேள்விக்கு "இல்லை" என்றாலோ, மரத்துப்போவதற்கு "ஆமாம்" என்றாலோ இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்காமல் இப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. அந்தக் கொத்து நசுங்கினால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

குடைக்கம்பி

சிறுநீர்ல பிரச்சினை இல்லை. மரத்துப்போகலை. காய்ச்சல், எடை குறையறது எதுவும் கிடையாது. வலது காலுக்கு வலி இறங்குது, ஆனா அது நடையால வந்த வலின்னு விட்டுட்டேன். எனக்குக் கவலையெல்லாம் அந்த 'சிதைவு' மேலதான்.

காந்தக்கூடு

16 வருஷமா எம்.ஆர்.ஐ. அறையில வேலை பார்க்கறேன். நான் டாக்டர் இல்லை, படம் எடுக்கிறவன். ஆனா இந்தச் சொல்லெல்லாம் தினமும் என் கண்முன்னால ஓடுது, அதனால பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடியும்.

எம்.ஆர்.ஐ. ஒரு வகையில தண்ணியைப் படம் பிடிக்கிற கருவி. உடம்புல உள்ள தண்ணி, கொழுப்பு இதுல இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கருவைத்தான் காந்தம் ஒழுங்குபடுத்தி, அதுலேர்ந்து வர்ற சமிக்ஞையைப் பிடிக்குது. எல்3, எல்4ங்கறது இடுப்பு முள்ளெலும்போட வரிசை எண், டிஸ்க்ங்கறது ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல உள்ள மெத்தை. ஈரப்பதம் உள்ள டிஸ்க் நடுவுல வெள்ளையா தெரியும். வத்தின டிஸ்க் கருப்பா தெரியும். டெசிகேஷன்னா அந்த வத்தல்தான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. பல்ஜ்னா டிஸ்க் சுத்துவட்டமும் கொஞ்சம் உப்பி நிக்குது, காத்து இறங்கின டயர் தரையோட உட்கார்ந்த மாதிரி. தீக்கல் சாக்ங்கறது நரம்புகள் மிதக்கிற திரவப்பை. பை மேல லேசா பட்டா நரம்பு நசுங்கிருச்சுன்னு அர்த்தம் இல்லை, உள்ள இடம் இருக்கு. ஃபேசட் ஆர்த்ரோபதி பின்பக்கச் சின்ன மூட்டுகளோட தேய்மானம். ஷ்மோர்ல் நோட், டிஸ்க் எலும்புக்குள்ள பதிஞ்ச ஒரு குழி. பல வருஷத்துக்கு முன்னாடி வந்ததா இருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

இப்ப முக்கியமான விஷயம். 1994ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ.ல படுக்க வச்சுப் பார்த்தாங்க. 52 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது ஒரு இடத்துல பல்ஜ். 27 சதவீதம் பேருக்கு அதைவிட ஒரு படி மேல, புரொட்ரூஷன், அதாவது ஒரு பக்கமா பிதுங்கல். இவங்க யாருக்கும் வலி கிடையாதுங்கறதை மறக்காதீங்க. அப்புறம் 2015ல இந்த மாதிரி 33 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, மொத்தம் 3110 பேர். வலியில்லாத 40 வயசுக்காரங்கள்ல 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்வு, 50 சதவீதம் பேருக்கு பல்ஜ். 80 வயசுல தேய்வு 96 சதவீதம்.

உங்க வயசுல டிஸ்க் எல்லாம் பளபளன்னு இருந்தாத்தான் நாங்க ரெண்டாவது தடவை பார்ப்போம். தலையில நரைச்ச முடிக்கு யாரும் 'சிதைவு'ன்னு ரிப்போர்ட் எழுதறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒத்தைக்கொம்பன்

எல்லாம் சரி காந்தக்கூடு சார். எல்லாருக்கும் எல்லாம் இருக்கும்னா அந்த மெஷினை எதுக்கு வச்சிருக்கீங்க? "கவலைப்படாதே, தசைப்பிடிப்பு"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். என் அத்தைக்கும் அப்படித்தான் எட்டு மாசம் சொன்னாங்க. கடைசியில மல்டிபிள் மயலோமா, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே எல்லா டெஸ்டும் எடுத்திருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாங்க. அதனால நான் சொல்றது: முதுகுவலின்னா முதல் வாரமே எம்.ஆர்.ஐ., முழு ரத்தப் பரிசோதனை, எல்லாம் எடுத்துடுங்க. எடுத்து ஒண்ணும் இல்லைன்னா நிம்மதி.

மழைக்குருவி

ஒத்தைக்கொம்பன், அத்தையை நினைத்து வருத்தமாக இருக்கிறது. கேட்கலாமா என்று யோசித்தேன், ஆனால் இழைக்குத் தேவை என்பதால் கேட்கிறேன். அவருக்கு அப்போது என்ன வயது? வலி எந்த நேரத்தில் அதிகம்?

ஒத்தைக்கொம்பன்

66. படுத்தா வலி கூடும், ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பாங்க. ரொம்பச் சோர்வு. புடவை இடுப்புல நிக்கலைன்னு சொல்வாங்க, நாங்க சிரிப்போம். எக்ஸ்ரே எடுத்தாங்க, வயசுக்கேத்த தேய்மானம்னு சொல்லிட்டாங்க.

மழைக்குருவி

அதுதான். அவர் உடம்பே டெஸ்ட் கேட்டிருக்கிறது. கேட்டவர்கள் காதில் விழவில்லை. 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி, படுத்தாலும் விடாத வலி, எடை குறைவு, சோர்வு. இவை சேர்ந்து இருந்தால், சாதாரண முதுகுவலிக்குச் சொல்வதுபோல் ஆறு வாரம் பொறுங்கள் என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லக்கூடாது. அங்கே முதல் டெஸ்ட்டும் ஸ்கேன் இல்லை, ரத்தம்தான்: ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டுவது), கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), பிறகு புரோட்டீன் எலெக்ட்ரோபோரெசிஸ் (மயலோமா சுரக்கும் புரதத்தைத் தேடுவது). எக்ஸ்ரேயை நம்பியதும் தவறு. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் அந்த நோய் எலும்பில் போடும் ஓட்டை எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து "எல்லாருக்கும் எல்லா டெஸ்டும்" என்ற முடிவு வராது.

நடைவண்டி

பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "முதுகுவலிக்கு என்ன டெஸ்ட்" என்றால் எல்லோரும் இயந்திரத்தைத்தான் நினைக்கிறார்கள். மேசை மேல் படுக்கவைத்துச் செய்யும் சோதனைகள் டெஸ்ட் கணக்கிலேயே வருவதில்லை. அது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மெல்லத் தூக்குவோம். 30 முதல் 70 டிகிரிக்குள் முட்டிக்குக் கீழே மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்கினால் நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் பகுதி) எரிச்சலில் இருக்கிறது என்று பொருள். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் அது தசை, கணக்கில் சேராது. லசேக் என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரில் வழங்கும் சோதனை இது. 1881ல் அவருடைய மாணவர் தன் ஆய்வேட்டில் எழுதிவைத்தது. 140 வருடங்களுக்கு மேல் ஆகியும் இன்னும் செய்கிறோம். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: டிஸ்க் பிதுங்காதவர்களுக்கும் சில நேரம் வலிக்கும். ஆனால் நல்ல காலைத் தூக்கும்போது கெட்ட காலில் வலி வந்தால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம்.

பிறகு நரம்புக்கு நரம்பு பார்ப்போம். குதிகாலில் நடக்க முடிகிறதா, கால் கட்டைவிரலை எதிர்ப்புக்கு எதிராக மேலே தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் எல்5 நரம்பு. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க முடிகிறதா, கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளுகிறதா? இல்லாவிட்டால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பு. முட்டியில் தட்டி உதை வரவில்லை என்றால் எல்4 பக்கம் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் இடமும் துப்பு சொல்லும். பாதத்தின் மேல்பக்கம் எல்5, சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் எஸ்1.

பத்து நிமிட வேலை. இதைச் செய்துவிட்டு ஸ்கேனைப் பார்த்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். செய்யாமல் பார்த்தால் ஊரில் உள்ள எல்லாக் கதவையும் தட்டுகிற மாதிரி. ஏதாவது ஒரு கதவு திறக்கத்தான் செய்யும்.

குடைக்கம்பி, கால்வலியை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே. எதுவரை இறங்குகிறது? சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்து எண்ணிக்கை சொல்லுங்கள்.

குடைக்கம்பி

இப்பத்தான் செஞ்சு பார்த்தேன். கொஞ்சம் ஆடிப்போயிட்டேன்.

இடது கால்: 20 வரைக்கும் போனேன், போதும்னு நிறுத்தினேன். வலது கால்: நாலு. அஞ்சாவது தடவை குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. வலியால இல்லை, பலமே இல்லை. வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் போகுது. இருமினா, தும்மினா கூடும். உண்மையைச் சொன்னா இப்ப முதுகைவிடக் கால்லதான் வலி அதிகம். முதுகுல ஆரம்பிச்சதால எல்லாத்தையும் முதுகுவலின்னே சொல்லிட்டிருந்தேன்.

காந்தக்கூடு

குடைக்கம்பி, அந்த "இன்னும் ரெண்டு வரி"யைத் தயவுசெஞ்சு அப்படியே தட்டுங்க.

குடைக்கம்பி

"எல்5–எஸ்1: வலது பாராசென்ட்ரல் டிஸ்க் புரொட்ரூஷன், வலது எஸ்1 நரம்பு வேரைத் தொட்டுப் பின்னோக்கித் தள்ளுகிறது. கோனஸ் இயல்பு."

பயமுறுத்தற மாதிரி சொல் எதுவும் இல்லாததால இதைக் கண்டுக்கவே இல்லை!

காந்தக்கூடு

அந்த ஒரு வரிதாங்க உங்க ரிப்போர்ட். மத்தது எல்லாம் உங்க வயசு. (பாராசென்ட்ரல்னா நடுவுலேர்ந்து ஒரு பக்கம் தள்ளி. கோனஸ்ங்கறது தண்டுவடத்தோட கீழ்நுனி.)

நடைவண்டி

சுண்டுவிரல் வரை வலி, குதிகால் தூக்க பலமில்லை, படத்தில் வலது எஸ்1 மேல் பிதுங்கல். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. மருத்துவர் தட்டிப் பார்க்கும்போது வலது கணுக்கால் துள்ளல் குறைந்திருந்தால் வழக்கு முடிந்தது. எல்4–எல்5 பல்ஜை மட்டும் பார்த்துப் பயந்திருந்தால் தப்பான டிஸ்க்குக்கு வைத்தியம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்று: பலவீனம் இருக்கிறது என்று மருத்துவமனைக்கு இன்றே போன் செய்து சொல்லுங்கள். நாலு நாள் என்பதை முன்னால் கொண்டுவரக்கூடும். தினமும் காலையில் அந்த எண்ணிக்கையை எழுதி வையுங்கள். நாலு இரண்டாகி, இரண்டு பூஜ்யமானால் காத்திருக்கக்கூடாது. சிறுநீர் விஷயம் மேலே மழைக்குருவி சொன்னதுதான்.

நாலுமணிக்கோழி

குடைக்கம்பிக்கு விடை கிடைத்தது நல்லது. ஆனால் இந்த இழையைப் பின்னால் படிக்க வருகிறவர்களில் என்னைப்போல் ஒருவர் இருப்பார், அவருக்காக எழுதுகிறேன்.

எனக்கு 24 வயதில் ஆரம்பித்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், விடியற்காலை நாலு மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்தால் உடம்பு மரக்கட்டை. ஒரு மணி நேரம் நடமாடினால்தான் இளகும். ஓய்வெடுத்தால் கூடும், ஓடினால் குறையும். ஏழு வருடம் அலைந்தேன். இடுப்பு எக்ஸ்ரே நான்கு முறை, எல்லாம் "நார்மல்". இடுப்பு எம்.ஆர்.ஐ. ஒரு முறை, "லேசான பல்ஜ்". ஒரு மருத்துவர் மனநல ஆலோசனைக்குக்கூடப் போகச் சொன்னார்.

ஏழாவது வருடம் ஒரு மூட்டுவாத நிபுணர் இரண்டே கேள்வி கேட்டார்: "வலி எப்போது எழுப்புகிறது? ஓய்வில் கூடுகிறதா, குறைகிறதா?" பிறகு எச்.எல்.ஏ. பி27 (ஒரு மரபணு அடையாளம்) ரத்தப் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., அதோடு சேக்ரோஇலியக் மூட்டுக்கான எம்.ஆர்.ஐ. இதை அழுத்திச் சொல்கிறேன். வழக்கமான இடுப்பு எம்.ஆர்.ஐ. டிஸ்க்குகளைக் குறிவைத்து எடுப்பது. பிட்டத்துக்கு மேல் இருக்கும் அந்த மூட்டுக்குக் கோணமும் படவரிசையும் வேறு. நான்கு எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லாத இடத்தில் எலும்புக்குள் அழற்சி பளிச்சென்று தெரிந்தது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி வாதம்) குடும்பத்து நோய். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருடம் ஆகலாமாம்.

45 வயதுக்குள் ஆரம்பித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலை விறைப்பு அரைமணியைத் தாண்டினால் எலும்பு டாக்டரோடு நிற்காமல் மூட்டுவாத நிபுணரையும் பாருங்கள்.

ஒத்தைக்கொம்பன்

பார்த்தீங்களா? நான் சொன்னதுதான். பி27 எல்லாருக்கும் எடுத்திருந்தா ஏழு வருஷம் வீணாகியிருக்காதே!

நாலுமணிக்கோழி

இல்லை, அதுவும் வேலைக்காகாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு பி27 இருக்கும், உண்மை. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வாழ்நாள் முழுக்க வராது. என் தம்பிக்கும் பாசிட்டிவ். அவன் பாட்டுக்கு மலை ஏறிக்கொண்டிருக்கிறான். எல்லாருக்கும் எடுத்தால் அவனைப் போன்றவர்களைக் காரணமில்லாமல் நோயாளி ஆக்கிவிடுவோம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கேள்வி. ஏழு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்தைக்கொம்பன்

ம். யோசிக்கறேன்.

வழிப்போக்கன்

நடுவுல ஒரு சந்தேகம். நரம்பு டெஸ்ட்னு ஊசி குத்தி எடுக்கிறாங்களே, இ.எம்.ஜி., அது குடைக்கம்பிக்கு வேண்டாமா? எனக்கு வலி வந்த ஒரு வாரத்திலேயே எடுத்து, நார்மல்னு வந்து, நடிக்கறேன்னு வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க.

நடைவண்டி

ஒரு வாரத்தில் எடுத்தது சீக்கிரம். நரம்பு வேர் பாதிக்கப்பட்டு, அது ஓட்டும் தசையில் ஊசிக்குத் தெரியும் மாற்றம் வர மூன்று வாரமாவது ஆகும். அதற்கு முன் நார்மல் என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நடிப்பு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதோடு சேர்த்துச் செய்யும் என்.சி.எஸ்., தோல் மேல் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது. படமும் உடம்பும் முரண்படும்போது, அல்லது சர்க்கரை நோயால் வந்த நரம்புக் கோளாறா டிஸ்க்கா என்று குழம்பும்போது இரண்டும் கைகொடுக்கும். குடைக்கம்பிக்கு எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுவதால் இப்போதைக்கு அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன், மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஊசிநூல்

அம்மாவுக்கு 74. போன மாசம் தும்மினப்ப நடுமுதுகுல திடீர்னு வலி. எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். டாக்டர் சாதா எக்ஸ்ரே போதும்னு எடுத்தார். முள்ளெலும்பு ஒண்ணு முன்பக்கம் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது, எனக்கே தெரிஞ்சது. எக்ஸ்ரேயை இங்க எல்லாரும் திட்டறீங்களேன்னுதான் எழுதறேன்.

காந்தக்கூடு

திட்டலை அக்கா! எலும்பு முறிவு, எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கறது, வளைவு இதுக்கெல்லாம் எக்ஸ்ரே நல்ல கருவி. நிக்க வச்சு, குனிய நிமிர வச்சு எடுக்கலாம். சறுக்கல் சில பேருக்கு நின்னாத்தான் தெரியும், எங்க மெஷின்ல படுத்துட்டா ஒளிஞ்சுக்கும். டிஸ்க்கும் நரம்பும்தான் எக்ஸ்ரேக்குக் கண்ணுல படாது. அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்சா எடுத்தாச்சா? டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழ போனா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு. தும்மினதுக்கே எலும்பு நொறுங்கினா ஸ்கோர் என்ன வந்தாலும் எலும்புக்கு மருந்து பத்திப் பேசணும். பழைய நசுங்கலா புதுசான்னு சந்தேகம் வந்தா, இல்லை வேற நோயால நொறுங்கியிருக்குமோன்னு தோணினா, அப்ப எம்.ஆர்.ஐ. வரும்.

கதிர்வீச்சு பத்தித் தனிமடல்ல ரெண்டு பேர் கேட்டாங்க, இங்கயே சொல்லிடறேன். இடுப்பு எக்ஸ்ரே சுமார் 1.5 மில்லிசீவர்ட். இயற்கையா ஒரு வருஷத்துல நம்ம மேல படறது உலக சராசரி 2.4. சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. எம்.ஆர்.ஐ.ல கதிர்வீச்சே இல்லை, ஆனா இதயத்துல பேஸ்மேக்கர், மூளையில பழைய கிளிப், கண்ணுக்குள்ள உலோகத்தூள் இருந்தா முதல்லயே சொல்லுங்க. சொல்லாம படுத்தவங்களால எனக்கு வந்த பதட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. முதுகுல போட்ட டைட்டானியம் திருகு ஆபத்தில்லை, ஆனா சுத்தி உள்ள படம் கலங்கும். உள்ள மூச்சு முட்டற மாதிரி இருக்கறவங்க படுக்கறதுக்கு முன்னாடியே கண்ணைக் கட்டிக்கோங்க. உள்ள போனதும் மூடிக்கறது வேற, இது வேற.

ஒத்தைக்கொம்பன்

சரி, கடைசியா ஒண்ணு. குடைக்கம்பி வேற ஒரு இடத்துல இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தா என்ன? ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா உறுதியாயிடுமே.

காந்தக்கூடு

என் தொழிலைக் காட்டிக்கொடுக்கற கதை இது, ஆனாலும் சொல்றேன். 2017ல வெளியான ஒரு ஆய்வு. முதுகுவலியும் வலது கால்வலியும் உள்ள 63 வயசு அம்மா ஒருத்தரை மூணு வாரத்துக்குள்ள பத்து வெவ்வேறு மையத்துக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. பத்து ரிப்போர்ட்லயும் சேர்த்து 49 விதமான கண்டுபிடிப்பு. பத்துலயும் ஒருமிச்சு வந்தது எத்தனை? ஒண்ணுகூட இல்லை.

ரெண்டாவது ரிப்போர்ட் எடுத்தா உங்களுக்குக் கிடைக்கப்போறது உறுதி இல்லை, இன்னொரு பட்டியல். அதே படத்தை, உங்க காலைப் பரிசோதிச்ச டாக்டர் ரேடியாலஜிஸ்ட்டோட உட்கார்ந்து பார்த்தா அது நூறு ரிப்போர்ட்டுக்குச் சமம்.

ஒத்தைக்கொம்பன்

49ஆ? நம்ம குடும்பத்துச் சொத்துத் தகராறுலகூட இவ்வளவு வித்தியாசம் வரலைங்க.

குடைக்கம்பி

போன் செஞ்சு சொன்னதால ஒரு நாள் முன்னாடியே பார்த்துட்டேன். விவரம் சொல்றேன்.

படம் உள்ள உறையை நீட்டினேன், வாங்கி மேசை மேல வச்சுட்டு "முதல்ல நடந்து காட்டுங்க"ன்னார். குதிகால் நடை, விரல்நுனி நடை, காலைத் தூக்கறது, சுத்தியல். வலது கணுக்கால் துள்ளவே இல்லை, இடது நல்லா துள்ளிச்சு. கால் தூக்கினப்ப 40 டிகிரியில நிறுத்துங்கன்னு கத்திட்டேன். இடது காலைத் தூக்கினப்பவும் வலதுல இழுத்தது. சிறுநீர் கழிச்ச பிறகு பையில மீதி எவ்வளவு தங்குதுன்னு அல்ட்ராசவுண்ட்ல பார்த்தார், இயல்பு. அதுக்கப்புறம்தான் உறையைப் பிரிச்சார். பார்க்கறதுக்கு முன்னாடியே "வலது எஸ்1ஆ இருக்கணும்"னு சொல்லிட்டார். நான் உங்க எல்லாரையும் நினைச்சுக்கிட்டேன்.

இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. பிதுங்கின டிஸ்க்கு நிறைய பேருக்குத் தானா சுருங்குமாம். பெருசா பிதுங்கி உடைஞ்சு வந்த துண்டுதான் சின்ன பல்ஜைவிட நல்லா கரையும்னார், எனக்கு அது தலைகீழா பட்டது. வலி மாத்திரை, பிசியோ, ரெண்டு வாரம் கழிச்சு பலத்தைத் திரும்பப் பார்க்கணும். பலம் இறங்கினாலோ, ஆறு முதல் எட்டு வாரத்துல கால்வலி தாங்க முடியாம இருந்தாலோ நரம்பு வேர்ப் பக்கம் ஊசி, அப்புறம் அறுவை பத்திப் பேசலாம்னார். அந்த ஊசியே ஒரு டெஸ்ட்தானாம்: மரத்துப்போக வச்சதும் வலி நின்னா அந்த நரம்புதான் காரணம்னு தெரிஞ்சுடும். டிஸ்க்குக்குள்ளயே ஊசி போட்டு வலியைக் கிளப்பிப் பார்க்கிற டிஸ்கோகிராபி பத்தி நான் எங்கயோ படிச்சதைக் கேட்டேன். கையை ஆட்டி வேண்டாம்னுட்டார். நல்லா இருக்கிற டிஸ்க்கே அதனால சீக்கிரம் தேயறதா ஆய்வு இருக்காம்.

ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதலை. கேட்டேன். "எதைத் தேடறதுக்கு?"ன்னு திருப்பிக் கேட்டார். பதில் இல்லை என்கிட்ட.

குடைக்கம்பி

ஒன்பது வாரம் கழிச்சு வர்றேன். குதிகால் எண்ணிக்கை: 4, 4, 5, 7, அப்புறம் மூணு வாரம் 9லயே நின்னு மிரட்டிச்சு, இப்ப 16. கால்வலி நீண்ட நேரம் உட்கார்ந்தா மட்டும். சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் மந்தமா இருக்கு. டிஸ்க் சுருங்கிடுச்சான்னு பார்க்க இன்னொரு எம்.ஆர்.ஐ. கேட்டேன். "கால்தான் சொல்லுதே"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஆசை இன்னும் போகலை, அது வேற விஷயம்.

ஒத்தைக்கொம்பன்

நான் எடுத்திருப்பேன். 😄

புதுமுகம்73

வணக்கம், இங்கே புதியவன். மூன்று வாரமாக முதுகுவலி. எம்.ஆர்.ஐ.யில் "மல்டிலெவல் டீஜெனரேட்டிவ் டிஸ்க் டிசீஸ், மோடிக் டைப் 2, எல்4–எல்5 பல்ஜ்" என்று வந்திருக்கிறது. மிகவும் பயமாக இருக்கிறது. யாராவது விளக்க முடியுமா?

ஒத்தைக்கொம்பன்

வாங்க. தாளை மடிச்சு வைங்க. சிறுநீர் சரியா வருதா? ராத்திரி படுத்தா வலி கூடுதா? எடை குறைஞ்சிருக்கா? கால்ல வலி எதுவரைக்கும் இறங்குது?